தண்ணி முள் நடுவுல நிக்குது, ஆயில் என்ன சொல்லுது?

எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு திரும்பத் திரும்ப வந்தது. "ஸ்போர்ட்ஸ் கார்ல மட்டும் ஏன் ஆயில் டெம்பரேச்சருக்குத் தனியா ஒரு மீட்டர் வெக்கிறாங்க? நம்ம கார்ல இருக்கிற டெம்பரேச்சர் மீட்டர் போதாதா?" இன்னைக்கு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். போதாது. உங்க டேஷ்போர்டுல இருக்கிற முள் கூலன்ட்டோட சூட்டைக் காட்டுது. ஆனா இன்ஜினுக்குள்ள இரும்பும் இரும்பும் உரசாம காப்பாத்தறது ஆயில். இந்த ரெண்டும் ஒரே நேரத்துல சூடாகறதும் இல்ல, ஒரே அளவுக்குச் சூடாகறதும் இல்ல. ஆபீஸ் போயிட்டு வர்ற காருக்கு இந்த வித்தியாசம் வெளியில பெருசா தெரியாது. 8000 ஆர்பிஎம் சுத்தற இன்ஜினோட ஆயுளையே அதுதான் முடிவு பண்ணும்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு காரை எடுத்துக்கலாம். பிஎம்டபிள்யூ எம்3, இ46 தலைமுறை. 2000-ல இருந்து 2006 வரைக்கும் வந்த கார். ஆயில் சூட்டை ஓட்டுறவருக்கு எப்படிச் சொல்லணும்னு நல்லா யோசிச்சு செஞ்ச டேஷ்போர்டு அதுல இருக்கு. அதனாலதான் இந்தத் தேர்வு.

8000 ஆர்பிஎம்னா உள்ள என்ன நடக்குது?

அந்த கார்ல இருக்கிறது எஸ்54ங்கிற இன்ஜின். 3246 சிசி, வரிசையா ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது. ஐரோப்பிய மாடல்ல 343 குதிரைத்திறன். பிஸ்டன் மேல இருந்து கீழ வர்ற தூரம், அதாவது ஸ்ட்ரோக், 91 மில்லிமீட்டர்.

ஒரு சின்ன கணக்கு போடலாம். நிமிஷத்துக்கு 8000 சுத்துன்னா நொடிக்கு 133 சுத்து. ஒவ்வொரு சுத்துக்கும் பிஸ்டன் 91 மில்லிமீட்டர் கீழ போய், 91 மேல வருது. பெருக்கிப் பாத்தா நொடிக்கு 24 மீட்டர், அதாவது மணிக்கு 87 கிலோமீட்டர். இது சராசரிதான். ஏன்னா ரெண்டு முனையிலயும் அது முழுசா நின்னு திரும்பணும். நொடிக்கு 266 தடவை நிக்குது, திரும்புது.

அந்த விசை அத்தனையும் கனெக்டிங் ராட் வழியா கிராங்க் ஷாஃப்ட்டுக்குப் போகுது. ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு பேரிங் இருக்கு. சைக்கிள்ல பாத்திருப்பீங்களே, அந்த குண்டு பேரிங் கிடையாது. அரை வட்டமா வளைச்ச ரெண்டு மெல்லிய தகடு, அவ்வளவுதான். தகடும் கிராங்க்கும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது. நடுவுல தலைமுடியை விட பல மடங்கு மெல்லிசான ஒரு ஆயில் படலம் மட்டும்தான் இருக்கணும்.

அந்தப் படலம் எப்படி நிக்குது? மழைத்தண்ணி தேங்கின ரோட்டுல வேகமா போனா டயர் தரையை விட்டு மிதக்கும் இல்லையா? அதே கதைதான். சுத்தற கிராங்க் ஆயிலை இடுக்குக்குள்ள இழுத்து, அது மேலேயே மிதக்குது. ரோட்டுல இது நடந்தா ஆபத்து, பேரிங்ல நடக்கலைன்னாதான் ஆபத்து. படலத்தோட தடிமனை மூணு விஷயம் தீர்மானிக்குது: சுத்தற வேகம், மேல விழற பாரம், ஆயிலோட கெட்டித்தன்மை. முதல் ரெண்டும் உங்க வலது கால்ல இருக்கு. மூணாவது, சூட்டைப் பொறுத்தது.

10டபிள்யூ-60ங்கிற எண்ணுக்குள்ள என்ன இருக்கு?

எஸ்54-க்கு பிஎம்டபிள்யூ சொன்ன ஆயில் 10டபிள்யூ-60. நிறைய பேர் இதை "குளிர்ல 10, சூட்டுல 60. அப்போ சூடானா ஆயில் கெட்டியாகும்"னு புரிஞ்சுக்கறாங்க. அப்படி இல்ல. டபிள்யூ வின்டரைக் குறிக்குது. குளிர்ல நடந்துக்கிற விதத்துக்கு ஒரு வரிசை, 100 டிகிரில இருக்கிற கெட்டித்தன்மைக்கு இன்னொரு வரிசை. ரெண்டும் தனித்தனி அளவுகோல். எந்த ஆயிலா இருந்தாலும் சூடானா இளகத்தான் செய்யும்.

எவ்வளவு இளகும்? 60-ங்கிற கிரேடுக்கு 100 டிகிரில 21.9-ல இருந்து 26.1 சென்டிஸ்டோக்குக்குள்ள இருக்கணும்னு வரையறை. அதே ஆயில் 40 டிகிரில தோராயமா 160 பக்கம் நிக்கும். ஏழு மடங்கு கெட்டி. ஜெர்மனில ஒரு ஜனவரி காலைல பூஜ்ஜியத்துக்குக் கீழ ஸ்டார்ட் பண்ணா, அது இன்னும் பல மடங்கு ஏறிடும். பாகுப் பதம்னு வெச்சுக்கோங்க.

கெட்டியா இருந்தா நல்லதுதானே, படலம் தடிமனா நிக்குமேன்னு தோணலாம். சிக்கல் என்னன்னா, படலம் உருவாகறதுக்கு முதல்ல ஆயில் அங்க போய்ச் சேரணும். குளிர்ந்த ஆயிலைப் பம்ப் தள்ளும்போது அழுத்தம் ரொம்ப ஏறிடும். ஏறினதும் ரிலீஃப் வால்வு திறந்து ஒரு பகுதியை நேரா சம்புக்கே திருப்பி அனுப்பிடும். அழுத்த மீட்டர் இருந்தா அது கம்பீரமா உயர்ந்து நிக்கும், ஆனா சின்னச் சின்ன துளை வழியா பேரிங்குக்குப் போற அளவு குறைவு. சர்வர் மானிட்டரிங் பண்றவங்களுக்கு இந்த நிலைமை நல்லாப் பழக்கம். சிபியு கிராஃப் அழகா இருக்கும், உள்ள க்யூ அடைச்சுக்கிட்டு இருக்கும்.

அதிகச் சூட்டுல இதுக்கு நேர்மாறு. ஆயில் தாராளமா ஓடும், ஆனா தண்ணியா இருக்கிறதால படலம் மெல்லிசாகும். கூடவே ஆக்சிஜனோட சேர்ந்து கெட்டுப்போற வேகமும் கூடும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அந்த வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு.

கூலன்ட்டும் ஆயிலும் ஏன் ஒத்துப் போகல?

இங்க ஒரு சுவாரசியமான முரண் இருக்கு. பள்ளிக்கூட பிசிக்ஸ் படி பாத்தா ஆயில்தான் சீக்கிரம் சூடாகணும். ஒரு கிலோ தண்ணியை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படற வெப்பத்துல பாதிதான் ஒரு கிலோ ஆயிலுக்குத் தேவை. ஆனா நடக்கறது தலைகீழா இருக்கு. கூலன்ட் அஞ்சு நிமிஷத்துல 90-ஐத் தொடும், ஆயில் அந்த நிலைக்கு வர ரெண்டு மடங்கு நேரம் கூட எடுக்கும்.

காரணம் ரெண்டும் இருக்கிற இடம். கூலன்ட் எரிதல் நடக்கிற சுவரை ஒட்டியே ஓடுது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கிற வரைக்கும் ரேடியேட்டர் பக்கமே போகாம ஒரு சின்ன வளையத்துக்குள்ளயே சுத்துது. ஆயிலோ அடியில சம்புல கிடக்குது. அது கீழ ரோட்டுக் காத்து அடிச்சுக்கிட்டே இருக்கு.

சூடான பிறகும் ரெண்டும் தனி வழிதான். கூலன்ட்டுக்குத் தெர்மோஸ்டாட், பெரிய ரேடியேட்டர், ஃபேன்னு மூணு காவல்காரங்க. ஆயில் கூலர் அதை விட சின்னது. அதோட ஆயிலுக்கு வெப்பம் வர்ற ஒரு முக்கிய வழி, பேரிங் இடுக்குல அது தானே அரைபடறது. ஆர்பிஎம் ஏற ஏற இந்த உரசல் சூடும் ஏறும். ரேஸ் டிராக்குல கூலன்ட் 90-லயே சமர்த்தா நிக்கும்போது ஆயில் 130-ஐத் தாண்டறது இதனாலதான்.

இ46 எம்3 என்ன செஞ்சது?

இ46 சாதாரண மாடல்ல ஆர்பிஎம் மீட்டருக்குக் கீழ்ப் பகுதியில மைலேஜ் காட்டற ஒரு சின்ன மீட்டர் இருக்கும். எம்3-ல அதை எடுத்துட்டு அங்க ஆயில் டெம்பரேச்சரை வெச்சாங்க.

கூலன்ட் முள் மட்டும் பழையபடிதான். ஏறக்குறைய 75 டிகிரில இருந்து 110 சொச்சம் வரைக்கும் அது நட்ட நடுவுலயே அசையாம நிக்கும். அப்படித்தான் சாஃப்ட்வேர்ல எழுதியிருக்காங்க. அதுக்கும் நியாயம் இருக்கு. டிராஃபிக்ல நாலு டிகிரி ஏறி இறங்கறதைக் காட்டினா ஓட்டுறவர் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு ஓடுவார். தேவையில்லாத அலர்ட்டைக் குறைச்சிருக்காங்க. அப்படிக் குறைச்சதுல அந்த முள் ஒரு மீட்டருங்கிற நிலையில இருந்து இறங்கி, முள் வடிவத்துல இருக்கிற ஒரு எச்சரிக்கை விளக்கு மாதிரி ஆயிடுச்சு.

இன்னொரு ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆர்பிஎம் மீட்டரைச் சுத்தி சின்னச் சின்ன விளக்கு. இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போது மேல் ஆர்பிஎம் பகுதி எரிஞ்சுக்கிட்டே இருக்கும், "இதுக்கு மேல வராதே"ன்னு. சூடு ஏற ஏற ஒவ்வொண்ணா அணையும். அதாவது ரெட்லைன் நிலையானது இல்ல, இன்ஜினோட நிலையைப் பொறுத்து நகருது. ஓட்டுறவர் டிகிரியைப் பாத்து மனசுக்குள்ள கணக்குப் போட வேண்டியதில்ல. என்ன செய்யலாம்ங்கிறதை மீட்டரே காட்டிடுது.

மியூனிக்ல இருக்கிற என் காலேஜ் சீனியர் ஒருத்தர்கிட்ட இந்த கார் இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஒரு குளிர்காலத்துல அவர்கூட போயிருந்தேன். வீட்டுல இருந்து ரெண்டே நிமிஷத்துல ஆட்டோபான். வேகக் கட்டுப்பாடு இல்லாத பகுதி. மனுஷர் வலது ஓரத்துல ஒரு லாரிக்குப் பின்னாடியே 3000 ஆர்பிஎம்-ஐத் தாண்டாம போய்க்கிட்டு இருக்கார்.

"அண்ணா, டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துடுச்சே, அழுத்துங்களேன்"னேன்.

"அது தண்ணிடா. ஆயில் இன்னும் தூங்கிட்டு இருக்கு பாரு"ன்னு கீழ இருந்த சின்ன மீட்டரைக் காட்டினார். முள் அடியை விட்டு லேசாத்தான் எழுந்திருந்தது. விளக்கும் பாதிக்கு மேல எரிஞ்சுக்கிட்டு இருந்தது. கடைசி விளக்கு அணைஞ்ச பிறகுதான் லாரியைத் தாண்டினார்.

அவர் பயத்துக்குக் காரணம் இருக்கு. தொடக்க கால எஸ்54 இன்ஜின்கள்ல கனெக்டிங் ராட் பேரிங் பிரச்சினை வந்து, பிஎம்டபிள்யூவே காரைக் கூப்பிட்டு மாத்திக் கொடுத்தது. இன்னைக்கும் இந்த காரை வெச்சிருக்கிற நிறைய பேர், கெட்டுப்போறதுக்கு முன்னாடியே பேரிங்கை மாத்திடறாங்க. அந்த மெல்லிய தகடு போச்சுன்னா கூடவே கிராங்க்கும் போகும். சில நேரம் கனெக்டிங் ராட் பிளாக்கைப் பிளந்துக்கிட்டு வெளிய வரும். இருபது வருஷப் பழைய காருக்கு அப்புறம் புது இன்ஜினுக்கு எங்க போறது?

ஒரு எண்ணைப் பாக்காதீங்க, ஏறற விதத்தைப் பாருங்க

"எத்தனை டிகிரி வரைக்கும் ஓகே?" இதுதான் அடுத்த கேள்வியா வரும். பொதுவா சொன்னா, ரோட்டுல 90-ல இருந்து 110 வரைக்கும் வசதியான இடம். நல்ல சிந்தெட்டிக் ஆயில் இருந்தா டிராக்குல 120, 130 சாதாரணம். 140-ஐத் தாண்டினா காலை எடுக்கிறதைப் பத்தி யோசிக்கணும். உங்க கார் மேனுவல் வேற எண் சொன்னா அதுதான் இறுதி.

ஆனா ஒரு தனி எண் பாதிக் கதைதான். ரெண்டு காரைக் கற்பனை பண்ணிக்கோங்க. எண்களும் புரியறதுக்காக நானே எழுதினவை. ஒவ்வொரு லேப் முடிவுலயும் ஆயில் சூட்டைக் குறிக்கிறோம். முதல் கார்: 104, 116, 122, 125, 126. ரெண்டாவது கார்: 104, 114, 124, 134.

மூணாவது லேப்ல பாத்தா ஒண்ணு 122, இன்னொண்ணு 124. கிட்டத்தட்ட ஒரே நிலைமை. ஆனா முதல் கார்ல ஏற்றம் 12, 6, 3, 1-னு குறைஞ்சுக்கிட்டே வருது. உள்ள வர்ற வெப்பமும் வெளிய போற வெப்பமும் சமமாகப் போகுது. அந்த கார் நாள் பூரா ஓடும். ரெண்டாவது கார் லேப்புக்குப் பத்துப் பத்தா ஏறுது. அதோட சமநிலை இன்னும் ரொம்ப தூரத்துல இருக்கு, அங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஆயில் தாங்காது. முடிவை 124-லயே எடுத்துடணும். 145 வந்த பிறகு எடுத்தா தாமதம்.

ஏறுதுன்னா என்ன பண்றது? ஒரு கியர் மேல போடுங்க. ஆர்பிஎம் இறங்கினா உரசல் சூடு குறையும். ஓட்டத்தை நிறுத்தாதீங்க, கூலருக்குக் காத்து வேணும். ஒரு முழு லேப் மெதுவா ஓட்டிட்டு உள்ள வாங்க. கொதிக்கக் கொதிக்க வந்து சாவியைத் திருப்பினா ஆயில் ஓட்டம் நின்னுடும், உலோகத்துல இருக்கிற சூடு நிக்காது. டர்போ கார்ல அந்தச் சூட்டுல பேரிங்குக்குள்ள தங்கின ஆயில் கருகிப் படியும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போறவங்க ஐரோப்பிய ரிவ்யூல பாத்த எண்ணை இங்க எதிர்பார்க்காதீங்க. கூலர் எவ்வளவு வெப்பத்தை வெளிய தள்ளும்ங்கிறது ஆயிலுக்கும் காத்துக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆயில் 120, காத்து 5 டிகிரின்னா வித்தியாசம் 115. காத்து 38-ன்னா 82. அதே கூலர், கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவான வேலை.

சென்சார் எங்க இருக்கு?

மீட்டர் காட்டற எண், சென்சார் உக்காந்திருக்கிற இடத்தோட சூடு மட்டும்தான். சம்புல இருந்தா ஒரு எண், கூலருக்குப் போறதுக்கு முன்னாடி இருந்தா இன்னொண்ணு, கூலர்ல இருந்து திரும்பி வர்ற வழியில இருந்தா வேற ஒண்ணு. பேரிங் இடுக்குக்குள்ள இருக்கிற ஆயில் இது எல்லாத்தையும் விடச் சூடு. அதனால "என் கார்ல 125, அவன் கார்ல 115"னு ரெண்டு வேற மாடலை ஒப்பிடறதுல பெருசா அர்த்தமில்ல. உங்க காரோட நேத்தைய எண்ணையும் இன்னைக்கு எண்ணையும் ஒப்பிடுங்க. அதே ரோடு, அதே வெயில், அதே வேகம், ஆனா 10 டிகிரி கூடியிருக்குன்னா ஏதோ மாறியிருக்கு. ஆயில் அளவு குறைஞ்சிருக்கலாம், கூலர் அடைச்சிருக்கலாம்.

முடிஞ்சா அழுத்தத்தையும் கூடவே பாருங்க. அதே சூடு, அதே ஆர்பிஎம், ஆனா அழுத்தம் முன்னை விடக் கம்மின்னா அது தீவிரமான செய்தி. இ46 எம்3-ல அழுத்தத்துக்கு மீட்டர் கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது பெரும்பாலும் காரியம் கெட்டிருக்கும்.

கொஞ்சம் பின்னாடி போனா, 1998 வரைக்கும் வந்த ஏர் கூல்டு போர்ஷே 911-ல கூலன்ட் மீட்டருக்கு வேலையே இல்ல, ஏன்னா கூலன்ட்டே இல்ல. காத்தும் ஆயிலும்தான் இன்ஜினைக் குளிர்விச்சது. அதனால அந்த கார்க்காரங்களுக்கு ஆயில் மீட்டரைப் பாக்கிற பழக்கம் இயல்பா வந்துடுச்சு. இன்னொரு எல்லைக்குப் போனா ஃபார்முலா 1. அங்க இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே வெளியில இருந்து சூடாக்கிடுவாங்க. உள்ள இடைவெளி அவ்வளவு நெருக்கம்.

உங்க கார்ல பாக்க முடியுமா?

ஓபிடி போர்ட்டுல செருகற ஒரு சின்ன புளூடூத் ஸ்கேனர் இருந்தா முயற்சி பண்ணலாம். கூலன்ட் சூட்டுக்கு எண் 05, ஆயில் சூட்டுக்கு 5சி. ரெண்டுக்கும் ஒரே ஃபார்முலா: வர்ற பைட்டுல இருந்து 40-ஐக் கழிச்சா டிகிரி. 140 வந்தா 100 டிகிரி. 05-க்குப் பெரும்பாலும் பதில் வரும். 5சி-க்கு நிறைய கார் வாயே திறக்காது. பதில் சொல்ற சில கார்ல கூட அது சென்சார் அளந்ததா இருக்காது. கூலன்ட், ஆர்பிஎம், பாரம் எல்லாத்தையும் வெச்சு இன்ஜின் கம்ப்யூட்டர் ஊகிச்ச எண்ணா இருக்கும். ஊகம் தப்புன்னு இல்ல, ஆனா கூலர் அடைச்சது அந்த ஊகத்துக்குத் தெரியாது.

எண்ணே கிடைக்கலைன்னாலும் செய்ய ஒரு விஷயம் இருக்கு. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும், இன்னும் அதே அளவு நேரம் ஆயிலுக்குக் கொடுங்க. நின்ன இடத்துல ஐடிலிங் விட வேண்டாம், மெதுவா ஓட்டிக்கிட்டே போங்க, அதுலதான் ஆயில் சீக்கிரம் சூடாகும். தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டறவங்க வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓட்டுங்க. எரிதல்ல உருவாகி ஆயிலுக்குள்ள சேர்ற தண்ணி ஆவியாகி வெளிய போகணும்னா ஆயில் நல்லாச் சூடாகி, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கணும்.

உங்க கார் 5சி-க்குப் பதில் சொல்லுதா இல்லையான்னு பாத்துட்டு, மாடல் பேரோட எழுதி அனுப்புங்க. பதில் சொன்னா, கூலன்ட் 90 வந்த நேரத்துல ஆயில் எத்தனைல இருந்ததுன்னும் சேர்த்து எழுதுங்க. வர்றதை எல்லாம் தொகுத்து ஒரு எபிசோட்ல பேசலாம். அதுவரைக்கும், பாத்து ஓட்டுங்க மக்களே.